பக்கத்து வீட்டுப் புல் இடுப்பளவு வளர்ந்தால் என்ன செய்வது? டாலஸ் பகுதிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டாலஸ் பக்கம் வசந்த காலத்தில் இரண்டு நல்ல மழை பெய்து வெயிலும் ஏறிவிட்டால், பெர்முடா புல் பத்து நாளில் கணுக்காலைத் தாண்டிவிடும். ஆள் குடியிருந்து வாராவாரம் வெட்டும் வீடுகளில் இது ஒரு பொருட்டே இல்லை. பூட்டிக் கிடக்கும் வீடு, விலைபோகாமல் மாதக்கணக்கில் நிற்கும் வீடு, சொந்தக்காரர் வேறு மாநிலத்தில் இருக்கும் வாடகை வீடு, இவற்றில்தான் சிக்கல். முதலில் பெர்முடா, அதன் நடுவே ஜான்சன் புல், பிறகு ஓரங்களில் ராக்வீட் என்ற களை. ஜூலை வருவதற்குள் இடுப்பளவு நிற்கும்.

இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் பலர் இதைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். காரணம் அக்கறையின்மை இல்லை, தயக்கம். “அண்ணா, 311க்கு அடிச்சா போலீஸ் வருமா? நம்ம விசாவுக்கு ஏதாவது பிரச்சினை ஆகுமா?” என்று எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். வராது, ஆகாது. 311 என்பது அவசரமில்லாத ஊர்க் காரியங்களுக்கான எண். அவசர உதவிக்கான 911 எண்ணுக்கு வரும் அழைப்புகளின் சுமையைக் குறைக்க 1996இல் பால்டிமோரில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பெரிய நகரங்களுக்குப் பரவியது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, சாலையில் பள்ளம், பக்கத்து மனையில் புதர் என்று எல்லாவற்றுக்கும் அதே எண்தான். புல் புகாருக்கும் உங்கள் விசாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த ஏற்பாடு உண்மையிலேயே வேலை செய்கிறது. யாரையும் தெரிந்திருக்க வேண்டாம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு புகாரைச் சரியாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் புல் வெட்டப்பட்டுவிடும். ஆனால் அதே புகார் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பத்திரத்தின் மேல் கடனாகவும் ஏறக்கூடும். அதனால் எப்படிச் செய்வது என்பதோடு எப்போது செய்யக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புல் வளர்ந்தால் சிட்டிக்கு என்ன வந்தது?

முதல் கேள்வி இதுதான். சொந்த மனையில் சொந்தப் புல், அரசாங்கம் ஏன் தலையிட வேண்டும்? டெக்சாஸில் இதற்கான அதிகாரம் அழகு பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல. மாநிலச் சுகாதாரச் சட்டத்தின் 342ஆம் அத்தியாயம்தான் களையை அகற்றச் சொல்லும் உரிமையை நகரங்களுக்குக் கொடுக்கிறது. உயர்ந்த புல்லில் எலி கூடு கட்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இந்தப் பக்கம் காப்பர்ஹெட் விஷப்பாம்பு சாதாரணம். தெள்ளும் உண்ணியும் நாயோடு வீட்டுக்குள் வந்துவிடும். பகலில் கொசு ஒதுங்குவதற்கும் நிழலான புதர்தான் தோது. 2012இல் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் காய்ச்சல் டாலஸ் கவுன்டியை (மாவட்டத்தை) உலுக்கியபோது விமானத்திலிருந்து மருந்து தெளிக்கும் நிலை வந்தது. அதை நேரில் பார்த்தவர்கள் இன்றும் கொசு விஷயத்தில் அலட்சியமாக இருப்பதில்லை.

அடுத்தது தீ. 2022 ஜூலையில் டாலஸுக்குத் தென்கிழக்கே பால்ச் ஸ்பிரிங்ஸில், காய்ந்து கிடந்த உயரமான புல்வெளியை இயந்திரம் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது தெறித்த பொறியில் புல் பற்றி, காற்றில் பரவி, வேலிகளைத் தாண்டி வீடுகளுக்குப் போனது. 26 வீடுகள் சேதமடைந்தன. வெட்டாமல் விட்ட புல் மட்டுமல்ல, காய்ந்த பிறகு வெட்டப்படும் புல்லும் ஆபத்து என்பதை அது காட்டியது. அதனால்தான், சொல்ல வேண்டியதை ஏப்ரல், மே மாதங்களிலேயே சொல்லுங்கள் என்கிறேன். ஆகஸ்டு வரை பொறுத்திருப்பது நல்லெண்ணம் ஆகாது.

முதலில் உயரம், பிறகு அது களைதானா என்ற கேள்வி

டாலஸ் நகரச் சட்டப்படி வரம்பு 12 அங்குலம், அதாவது ஒரு அடி. ஆஸ்டினும் சான் ஆன்டோனியோவும் அதே அளவுதான்; ஹூஸ்டனில் 9 அங்குலம். உங்கள் ஊர் எதுவோ அதன் இணையதளத்தில் உயர்ந்த களை பற்றிய பக்கத்தைப் பார்த்து அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். “ரொம்ப வளர்ந்திருக்கு” என்பது புகார் இல்லை. எட்டு அங்குலப் புல் கண்ணை உறுத்தலாம். டாலஸில் அது விதிமீறல் ஆகாது. ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டுப் போவார்.

உயரமாக இருப்பதெல்லாம் களையும் இல்லை. தண்ணீர்ச் செலவைக் குறைக்க இங்கே பலர் புல்தரையை எடுத்துவிட்டு மண்ணுக்கேற்ற நாட்டுச் செடிகளை வைக்கிறார்கள். கல்ஃப் மியூலி, லிட்டில் புளூஸ்டெம் போன்ற அலங்காரப் புற்கள் மூன்றடி வரை கொத்தாக நிற்கும். புளூபானெட் என்ற காட்டுப்பூச் செடி பூத்து முடிந்தபின், விதை முற்றும் வரை காய்ந்த சருகு போலவே தெரியும். வேண்டுமென்றே நட்டு வளர்க்கும் பூச்செடி, பயிர், விதை முற்றும் வரையிலான காட்டுப்பூக்கள் இவற்றுக்கு டாலஸ் சட்டத்திலேயே விலக்கு உண்டு. வறட்சி தாங்கும் தோட்டம் வைப்பதை எச்ஓஏ (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) முழுவதுமாகத் தடுக்க முடியாது என்று மாநிலச் சட்டமும் சொல்கிறது.

எப்படி வேறுபடுத்துவது? ஓரத்தைப் பாருங்கள். பாத்தி கட்டி, கல் அடுக்கி, மரத்தூள் பரப்பி, நடுவே ஒற்றையடிப் பாதை விட்டிருந்தால் அங்கே ஒருவர் கை வேலை செய்கிறது. நடைபாதை விரிசலிலும் வேலியிலும் வீட்டுக் கதவோரத்திலும் ஒரே சீராக ஏறி நிற்கிறது என்றால் யாரும் கவனிக்கவில்லை. சந்தேகமாக இருந்தால் புகார் வேண்டாம், ஆளைக் கேளுங்கள்.

அது யாருடைய நிலம், யாருடைய எல்லை?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. உங்கள் தபால் முகவரியில் எந்த ஊர் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் சிட்டி என்று நினைத்துவிடாதீர்கள். தபால் துறையின் ஊர்ப்பெயருக்கும் நகர எல்லைக்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம். டாலஸ் நகரமே டாலஸ், காலின், டென்டன், காஃப்மன், ராக்வால் என்று ஐந்து கவுன்டிகளில் கால் வைத்திருக்கிறது. ரிச்சர்ட்சன் இரண்டு கவுன்டிகளில் கிடக்கிறது. புதிய குடியிருப்புகள் சில, முகவரியில் ஒரு நகரத்தின் பெயரை வைத்துக்கொண்டு எந்த நகர எல்லைக்குள்ளும் வராமல் வெறும் கவுன்டி நிலத்தில் இருக்கும். தவறான சிட்டிக்குப் புகார் போனால், எங்கள் எல்லை இல்லை என்று மூடிவிடுவார்கள். உங்களுக்கு இரண்டு வாரம் வீண்.

இதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு கவுன்டிக்கும் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் இருக்கிறது. டாலஸ் கவுன்டிக்கு டிகேட் என்கிறார்கள், காலினுக்கும் டென்டனுக்கும் தனித்தனி. அந்த இணையதளத்தில் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் போட்டால் உரிமையாளர் பெயர், அவருக்குக் கடிதம் போகும் முகவரி, எந்த நகரத்துக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் வரி கட்டுகிறார் என்பதெல்லாம் வந்துவிடும். இது பொது ஆவணம். பார்க்க யாரிடமும் அனுமதி வேண்டாம். வரிப் பட்டியலில் நகரத்தின் பெயர் இல்லை என்றால் அது கவுன்டி நிலம். உரிமையாளரின் கடித முகவரி வேறு ஊரிலோ வேறு மாநிலத்திலோ இருந்தால் அது வாடகை வீடு அல்லது முதலீட்டுக்கு வாங்கிப் போட்டது. இந்த ஒரு தகவலே, அடுத்து என்ன செய்யலாம் என்பதைப் பாதி சொல்லிவிடும்.

கவுன்டி நிலத்தில் விதி தளர்வானது. அங்கே அதே சுகாதாரச் சட்டத்தின் 343ஆம் அத்தியாயம் பொருந்தும். 36 அங்குலத்தைத் தாண்டிய, அல்லது கொசு, எலி அண்டும் அளவுக்குச் சுகாதாரக் கேடான களை இன்னொரு வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ 300 அடிக்குள் இருந்தால்தான் கவுன்டி தலையிடும். நகரத்துக்குள் இருக்கும் வேகத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டு முன் நடைபாதைக்கும் சாலை விளிம்புக்கும் நடுவில் இருக்கும் புல்பட்டையை வெட்டுவது பொதுவாக அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. நிலம் பொதுவாக இருந்தாலும் பராமரிப்பு அவருடையது. ஆனால் மாநில நெடுஞ்சாலை ஓரம் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. காட்டுப்பூக்கள் விதைவிடும் வரை வசந்தத்தில் அவர்கள் வெட்டாமல் விடுவது வழக்கம். ரயில் பாதை ஓரம், மின்கோபுரங்கள் போகும் பட்டை, பூங்கா, கால்வாய்க்கரை இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பொறுப்பாளர்கள். டாலஸில் எதுவென்று தெரியாவிட்டால் 311லேயே சொல்லுங்கள். உரிய துறைக்குத் திருப்பிவிடுவார்கள்.

எச்ஓஏ உள்ள குடியிருப்பு என்றால் இன்னொரு வழியும் உண்டு. எச்ஓஏ விதிகள் வேறு, சிட்டி சட்டம் வேறு. ஒருவர் மற்றவரின் விதியைச் செயல்படுத்த மாட்டார்கள். ஆறு அங்குலப் புல்லே கூடாது என்று எச்ஓஏ ஒப்பந்தத்தில் இருந்தால் அது எச்ஓஏவிடம் மட்டுமே எடுபடும். இரண்டிலும் ஒரே நாளில் புகார் கொடுத்து அந்தக் குடும்பத்துக்கு இரண்டு நோட்டீஸ் போக வைப்பதை நான் நியாயமாக நினைக்கவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கதவைத் தட்டுங்கள்

ஆள் குடியிருக்கும் வீடு என்றால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நம் ஊரில் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து “என்னக்கா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?” என்று கேட்கிற பழக்கம் இங்கே வந்ததும் நின்றுவிடுகிறது. மொழித் தயக்கம், அடுத்தவர் அந்தரங்கத்தில் நுழைகிறோமோ என்ற பயம். ஆனால் பக்கத்து வீட்டில் புல் திடீரென வளரத் தொடங்கினால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். மோவர் (புல்வெட்டும் இயந்திரம்) பழுது, வேலை போனது, அறுவை சிகிச்சை, மரணம்.

புளோரிடாவில் டனீடின் என்ற ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 2018இல் ஒருவர், இறந்துபோன தன் தாயாரின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க வெளியூர் போயிருந்தார். புல் வெட்ட ஏற்பாடு செய்திருந்த ஆளும் இடையில் இறந்துவிட்டார். புல் அந்த ஊர் வரம்பான 10 அங்குலத்தைத் தாண்டியது. ஒரு நாளைக்கு 500 டாலர் வீதம் அபராதம் ஏறி, கடைசியில் கிட்டத்தட்ட 30,000 டாலர் ஆனது. அதைக் கட்டாததால் வீட்டையே ஜப்தி செய்யச் சிட்டி நடவடிக்கை எடுத்தது. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு ஊரிலும் இப்படி நடப்பதில்லை. ஆனாலும் நாம் அழுத்துகிற ஒரு பொத்தான் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இது போதும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போங்கள். மணியடித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நில்லுங்கள். இங்கே அது மரியாதை. பெயரைச் சொல்லி, எந்த வீடு என்று காட்டி, “நலமா இருக்கீங்களா, ஏதாவது உதவி வேணுமா?” என்று தொடங்குங்கள். புல்லைப் பற்றிப் பேச்சு தானாக வரும். வராவிட்டால், “என் வீட்டுக்கு ஒருத்தர் புல் வெட்ட வர்றார், அவர் நம்பர் தரட்டுமா?” என்று கேளுங்கள். யாரும் திறக்கவில்லை என்றால் ஒரு சிறு தாளில் இதையே எழுதி, உங்கள் எண்ணையும் போட்டுக் கதவில் செருகிவிடுங்கள். தபால் பெட்டிக்குள் போடாதீர்கள். தபால்தலை இல்லாமல் அதில் எதையும் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி தவறு.

முதியவர், நடக்க முடியாதவர் என்றால் எங்கள் தெருவில் செய்தது இதுதான்: பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று வீட்டார் தங்கள் புல்லை வெட்டும்போது அவருடையதையும் வெட்டிவிடுவோம். அவருடைய மனை சிறியது, அரை மணி நேர வேலை. கேட்காமல் மட்டும் வெட்டாதீர்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் மனையில் இறங்குவது அத்துமீறல். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்து வாழும் தாய்மார்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் சிறுவர் சிறுமியர் இலவசமாகப் புல் வெட்டித் தரும் ஓர் இயக்கத்தை ராட்னி ஸ்மித் ஜூனியர் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் தொடங்கி நடத்துகிறார். ஐம்பது வீடுகளுக்கு வெட்டித் தருவது என்று பிள்ளைகள் உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். பல தேவாலயங்களிலும் இப்படித் தன்னார்வலர்கள் உண்டு. அந்த முதியவருக்கு இந்த விவரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் உதவிதான்.

வீடு காலி என்றால், அல்லது பேசியும் ஒரு வாரம் பத்து நாள் எதுவும் நடக்கவில்லை என்றால், தயங்காமல் புகார் கொடுங்கள். காலி வீட்டின் புல்லால் பாதிக்கப்படுவது அந்தத் தெருவில் வாழ்பவர்கள். சொந்தக்காரர் அங்கே இல்லை.

படம் எடுப்பது

நடைபாதையிலோ தெருவிலோ நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும். மனைக்குள் கால் வைக்காதீர்கள், வேலி மேல் ஏறாதீர்கள்.

மூன்று படம் போதும். ஒன்று, வீட்டு முகப்பும் எண்ணும் தெரியும்படி. சாலை விளிம்புக் கல்லில் பெயின்டில் எழுதிய எண் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வாளருக்கு அதுதான் சட்டென்று கண்ணில் படும். இரண்டாவது, மனை முழுவதும் தெரியும்படி. மூன்றாவது, உயரம் காட்டும் படம். நடைபாதை விளிம்பில் நின்று, பட்டையில் வளர்ந்திருக்கும் புல்லுக்குப் பக்கத்தில் ஓர் அளவுநாடாவைச் செங்குத்தாகப் பிடித்து, 12 என்ற கோடும் அதற்கு மேல் நீளும் தண்டும் ஒரே சட்டத்தில் வரும்படி எடுங்கள். புல்லை நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். அது நிற்கிறபடியே இருக்கட்டும். நாடா வைக்க வழியில்லையா? வேலிப் பலகை, மின்மீட்டர், குப்பைத் தொட்டி என்று அளவு தெரிந்த ஏதாவது ஒன்று படத்தில் இருந்தால் சரி. மனிதர்கள், குழந்தைகள், வண்டி எண் எதுவும் படத்தில் வேண்டாம்.

பின்கட்டு மட்டும்தான் மண்டிக் கிடக்கிறது, உயரமான வேலி, தெருவிலிருந்து தெரியாது என்றால் ஆய்வாளராலும் பார்க்க முடியாது. அவரும் பொது இடத்திலிருந்தோ அனுமதி உள்ள இடத்திலிருந்தோதான் பார்ப்பார். உங்கள் பின்கட்டிலிருந்து தெரியும் என்றால், “என் வீட்டுப் பின்புறமாக வந்து பார்க்கலாம், அனுமதி தருகிறேன்” என்று புகாரிலேயே எழுதி எண்ணைக் கொடுங்கள். இந்த ஒரு வரி இல்லாததாலேயே பல பின்கட்டுப் புகார்கள் விதிமீறல் தென்படவில்லை என்று மூடப்பட்டுவிடுகின்றன.

புகாரைப் பதிவு செய்வது

டாலஸ் என்றால் 311. நகர எல்லைக்கு வெளியிலிருந்து அழைத்தால் 214-670-3111. சிறிய நகரங்கள் பலவற்றில் 311 கிடையாது; நகர விதிகளைச் செயல்படுத்தும் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் அல்லது கோட் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு நேராக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் செயலியோ இணையதளமோ எளிது. பேச வேண்டாம், படமும் சேர்க்கலாம், பதிவும் கையில் இருக்கும்.

வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். உயர்ந்த களைக்குத் தனி வகை உண்டு. அதே மனையில் கைவிடப்பட்ட வண்டி நிற்கிறது, நீச்சல்குளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் அவை தனித்தனிப் புகார்கள். தேங்கிய தண்ணீர் கொசுத் தடுப்புப் பிரிவுக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே பத்தியில் திணித்தால் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

விவரத்தில் உணர்ச்சி வேண்டாம். “இவர்கள் எப்போதுமே இப்படித்தான், தெருவின் மானமே போகிறது” என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. இப்படி எழுதினால் போதும்: “முன்பக்கப் புல்லும் களையும் 18 அங்குலத்துக்கு மேல் வளர்ந்துள்ளன. சாலையோரப் பட்டையும் அப்படியே. வீடு மார்ச் முதல் காலியாக உள்ளது போலத் தெரிகிறது. மே 3ஆம் தேதி எடுத்த படங்களை இணைத்துள்ளேன். முன்பக்கத்தைத் தெருவிலிருந்தே பார்க்கலாம்.” இதை ஆங்கிலத்தில் போடுங்கள். குடியிருப்பவரின் இனம், நாடு, வயது, வேலை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

முடித்ததும் ஒரு சேவை எண் வரும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், படம்பிடித்தும் வையுங்கள். பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் பிடி.

என் பெயர் வெளியே தெரியுமா?

டெக்சாஸில் பெயர் சொல்லாமலும் புகாரைப் பதியும் வசதியைப் பல நகரங்கள் தருகின்றன. பெயர் கொடுத்திருந்தாலும், பொது ஆவணச் சட்டத்தின் கீழ் யாராவது கோப்பைக் கேட்டால், தண்டனைக்குரிய விதிமீறலைத் தெரிவித்தவரின் அடையாளத்தைக் காட்டாமல் வைத்திருக்கச் சிட்டிக்கு வழியுண்டு. புளோரிடாவில் அப்படி இல்லை. 2021 ஜூலை முதல், அங்கே பெயரும் முகவரியும் கொடுக்காமல் வரும் புகாரை, உடனடி ஆபத்து இருந்தாலொழிய, ஆய்வாளர் விசாரிக்கவே கூடாது. நண்பர் ஒருவர் டாம்பாவிலோ ஜாக்சன்வில்லிலோ இருந்தால் இதை அவரிடம் சொல்லிவையுங்கள். நான் பெயரைக் கொடுக்கவே சொல்வேன். ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

அதற்குப் பிறகு நடப்பது

ஆய்வாளர் வந்து பார்ப்பார். விதிமீறல் உண்மை என்றால் உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும். மாநிலச் சட்டப்படி நோட்டீஸிலிருந்து ஏழு நாள் அவகாசம். நோட்டீஸை நேரில் கொடுக்கலாம், மதிப்பீட்டு அலுவலகத்தில் பதிவான முகவரிக்குக் கடிதமாக அனுப்பலாம். நேரில் கொடுக்க வழியில்லை என்றால் முன்கதவில் ஒட்டலாம், வீடே இல்லாத காலி மனை என்றால் ஒரு கொம்பு நட்டு அதில் அட்டை மாட்டலாம். பக்கத்து மனையில் அப்படி ஓர் அட்டை நிற்பதைப் பார்த்தால் உங்கள் புகார் நகர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அவகாசம் முடிந்ததும் மறு ஆய்வு. அப்போதும் வெட்டவில்லை என்றால் சிட்டியே ஒப்பந்தக்காரரை அனுப்பி வெட்டிவிட்டுச் செலவை உரிமையாளர் தலையில் போடும். கட்டாவிட்டால் கவுன்டி அலுவலகத்தில் அந்தச் சொத்தின் மேல் கடன் பதிவாகும். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. சொத்து வரிக்கும் தெரு மேம்பாட்டுக் கடனுக்கும் அடுத்தபடியாக இதற்குத்தான் முன்னுரிமை. வீட்டை விற்கும்போது இதைத் தீர்க்காமல் பத்திரம் நகராது. இதுபோக, சுகாதார விதிமீறலுக்கு 2,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும் நகரங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

ஒரே மனையில் திரும்பத் திரும்ப இதே கதை என்றால் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. இன்னும் ஓராண்டுக்குள் இதே தவறு நடந்தால் மறு நோட்டீஸ் இல்லாமலே வெட்டுவோம் என்று முதல் நோட்டீஸிலேயே சிட்டி எழுதிவிடலாம். அதனால் இரண்டாவது முறை புகார் கொடுக்கும்போது பழைய சேவை எண்ணையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். களை 48 அங்குலம், அதாவது நான்கடியைத் தாண்டி, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் முன் நோட்டீஸே தேவையில்லை. முதலில் வெட்டிவிட்டு, பத்து நாளுக்குள் உரிமையாளருக்குத் தெரிவிப்பார்கள். பாம்பைப் பார்த்தீர்கள், தெருமுனையில் வரும் வண்டி தெரியாத அளவுக்குப் புதர் மறைக்கிறது என்றால் அதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

ஆக, புகார் கொடுத்த மறுநாள் மோவர் சத்தம் கேட்காது. ஆய்வு, கடிதம், ஏழு நாள், மறு ஆய்வு, ஒப்பந்தக்காரர் என்று வாரங்கள் ஓடும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். தினமும் புதுப் புகார் பதியாதீர்கள். நகல் என்று மூடிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துச் சேவை எண்ணை வைத்து நிலவரம் கேளுங்கள். விதிமீறல் இல்லை என்று மூடியிருந்தால் காரணம் கேட்டு, புதிய தேதியிட்ட படங்களோடு மறுபடி பதியுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் உங்கள் பகுதி நகரமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குச் சேவை எண்ணோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். டாலஸில் 14 வார்டுகள், வார்டுக்கு ஓர் உறுப்பினர். உங்களுக்கு ஓட்டுரிமை இல்லாவிட்டாலும் நீங்கள் அங்கே குடியிருப்பவர். அந்தத் தகுதி போதும்.

நோட்டீஸ் உங்களுக்கே வந்தால்

இதைப் படிக்கிற பலருக்கு இதுதான் உண்மையில் நடக்கக்கூடியது. பிள்ளைகளுக்கு ஜூனில் விடுமுறை விட்டதும் ஐந்தாறு வாரம் ஊருக்குப் போகிறோம். தானியங்கி நீர்த்தெளிப்பான் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும், புல் வளர்ந்துகொண்டிருக்கும். நோட்டீஸ் வரும்போது வாங்க ஆள் இருக்காது. “வீட்டில் ஆள் இல்லை, கடிதம் கிடைக்கவில்லை” என்பது செல்லாது. யாரும் வாங்கவில்லை என்று தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பினாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகவே கருதப்படும் என்று சட்டத்தில் நேரடியாக எழுதியிருக்கிறது. அதனால் கிளம்பும் முன் யாராவது ஒருவரை இரு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட ஏற்பாடு செய்து பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். கதவில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, தபால் பெட்டியில் சிட்டி கடிதம் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், புல் வெட்டுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். தனி வீடுகளில் பெரும்பாலும் குடியிருப்பவர் பொறுப்பு என்றுதான் இருக்கும். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டு வேறு ஊருக்கு மாறியவர்கள், மதிப்பீட்டு அலுவலகத்தில் கடித முகவரியை மாற்றிவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள். நோட்டீஸ் போவது அங்கே பதிவான முகவரிக்குத்தான். நீங்கள் இருக்கும் இடத்தைச் சிட்டி தேடிக்கொண்டு வராது.

நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் முதல் வேலை தேதியைப் பார்ப்பது, இரண்டாவது வேலை வெட்டுவது. வெட்டியதும், சாலையோரப் பட்டை, வேலியோரம், பின்சந்து எல்லாவற்றையும் படம் எடுத்து, நோட்டீஸில் உள்ள ஆய்வாளரின் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ கோப்பு எண்ணோடு அனுப்புங்கள். ஏழு நாளில் முடியாது, வெட்டுபவர் பத்தாம் நாள்தான் வருகிறார் என்றால் அவகாசம் முடியும் முன் ஆய்வாளரை அழைத்துச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் சில நாள் கூடுதலாகக் கிடைக்கும். யார் புகார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், அவர் சொல்லவும் மாட்டார். நான்கடி என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் வெட்டிவிட்டார்கள், அது தவறு என்று நினைத்தால் வெட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் விசாரணை கேட்கலாம். சிட்டி அதை நடத்தியே ஆக வேண்டும்.